சுவெட்டர் நடித்த நாடகம்

1

என் தங்கை ஜெசிந்தா தொலைபேசியில் கத்தித்தான் பேசுவாள். இரத்தோட்டையிலிருந்து மெல்போர்னுக்குக் குரல் தன் சொந்தப் பலத்தில் வந்து சேர வேண்டும் என்பது அவளுடைய எண்ணம். சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் அடங்கிய குரலில் பேசினாள். அவள் அப்படிப் பேசி நான் கடைசியாகக் கேட்டது எண்பத்தொன்பதாம் ஆண்டில். 

"அண்ணே, இங்க டீவியில ஒரு நாடகம் போகுது. இவரோட சுவெட்டர் அதுல வருது."

'இவர்' என்றால் அவள் கணவர் சவரிமுத்து. டீவியில் ஒரு சுவெட்டர் வருவதற்கு ஏன் இந்தக் குரல் என்று கேட்டேன்.

"சாக்கு போட்டவன் மேல வருது," என்றாள். "வாசல்ல ஆள் இருக்கு. அப்புறமா பேசுறேன்."

சாக்கு போட்டவன் என்றால் இன்றைய பிள்ளைகளுக்கு விளங்காது. அந்த ஆண்டுகளில் கிளர்ச்சிக்காரரைத் தேடி இராணுவத்தின் சுற்றிவளைப்பு நடந்தால் ஊர் ஆண்களையெல்லாம் மைதானத்தில் வரிசையாக நிறுத்துவார்கள். தலையில் சாக்கைக் கவிழ்த்து, கண்ணுக்கு இரண்டு ஓட்டை விட்ட ஒருவனை வரிசையோரமாக நடத்தி வருவார்கள். அவன் யாருக்கு முன்னால் தலையை ஆட்டுகிறானோ அவர் ட்ரக்கில் ஏற வேண்டும். எங்கள் மைதானத்தில் அப்படி ஏறியவர்கள் திரும்பி வரவில்லை. அந்தச் சாக்குக்குள் இருந்தது யார் என்று ஊருக்கு இன்றுவரை தெரியாது.

2

என்னைத் தெரியாதவர்களுக்காக: மாத்தளையில் அரசாங்க அலுவலகம் ஒன்றில் எழுதுவினைஞனாகச் சேர்ந்து, பிரதம எழுதுவினைஞனாக ஓய்வு பெற்றவன் நான். மனைவி இறந்த பிறகு மகள் என்னை இங்கே வரவழைத்துக்கொண்டாள். ஓய்வூதியத்துக்காக வருடத்துக்கு ஒரு தடவை தூதரக அலுவலகத்துக்குப் போய், நான் உயிரோடு இருப்பதை ஓர் அதிகாரி முன்னிலையில் நிரூபித்து, முத்திரை வாங்கி, பதிவுத் தபாலில் ஊருக்கு அனுப்புகிறேன். சென்ற முறை அந்த அதிகாரி என்னை நிமிர்ந்து பார்க்காமலே கையெழுத்திட்டார். படிவத்தின்படி அவர் என்னைப் பார்க்க வேண்டும். எடுத்துச் சொன்னேன். பார்த்தார்.

ஊரில் ஓடும் நாடகங்கள் மூன்று வாரம் கழித்து இங்கே வரும். மாத்தளை ஹனிபா நானா, மெல்போர்ன் புறநகரான டண்டினோங்கில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். கருவாட்டுக்கும் கொச்சிக்காய்த் தூளுக்கும் நடுவே ஓர் அலுமாரியில் கசெட்டுகள். சனிக்கிழமை பிற்பகல் கடையின் பின்னறையில் இலவசக் காட்சியும் உண்டு. சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் என்று பதினைந்து பேர்போல வருவோம். இந்த நாடகமும் அங்கேதான் வந்தது. எண்பத்தொன்பதில் எங்கள் பக்கத்தில் நடந்ததை வைத்து எடுத்த கதை. முதலில் 'உண்மைச் சம்பவங்களை அடிப்படையாகக் கொண்டது' என்று ஓர் அறிவித்தல். கடைசியில் 'பாத்திரங்கள் யாவும் கற்பனையே' என்று இன்னொன்று. முதலாவதை எல்லோரும் வாசிப்பார்கள். இரண்டாவது வருமுன் கதிரையை விட்டு எழுந்துவிடுவார்கள்.

அந்தப் பின்னறையில் நான் கவனித்தது ஒன்று. எண்பத்தொன்பதுக்கு முன்பே ஊரை விட்டு வந்தவர்கள்தான் அழுதார்கள். அந்த ஆண்டை ஊரில் கழித்தவர்கள் பட்டிஸ் சாப்பிட்டார்கள், பக்கத்தில் இருந்தவரிடம் வீட்டு வாடகை பற்றிப் பேசினார்கள், நடிகையின் சேலை அந்தக் காலத்துச் சேலை இல்லை என்றார்கள். நான் நடைமுறைப் பிழை பிடித்தேன். நாடகத்தில் காணாமல்போனவனின் தாய் பொலிஸில் முறைப்பாடு எழுதிக் கையெழுத்து வைத்ததும் அவள் கையில் நகலைக் கொடுக்கிறார்கள். அப்போது யார் நகல் கொடுத்தார்கள்? முறைப்பாட்டை ஏற்றுக்கொண்டதே பெரிய காரியம். இதை நான் சத்தமாகவே சொன்னேன்.

"சேர், அந்த மனிசி அழுவுறா," என்றார் ஹனிபா நானா. "நீங்க நகலப் பத்திப் பேசுறீங்க."

நகலைப் பார்த்துக்கொண்டிருந்தால் அவள் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. அதை அவரிடம் சொல்லவில்லை.

ஒரு சனிக்கிழமை பேத்தியும் வந்தாள். அவளுக்குத் தமிழ் பாதி, ஊர் அதிலும் பாதி. கடைசியில் குற்றவாளியைப் பிடித்துவிடுவார்களா என்று கேட்டாள். அவள் பார்க்கும் நாடகங்களில் ஒரு மணித்தியாலத்துக்குள் பிடித்துவிடுகிறார்கள். இது வேறு விதமான நாடகம் என்றேன். அப்படியென்றால் எதற்கு எடுத்தார்கள் என்றாள்.

3

சுவெட்டரின் கதை இதுதான். சவரிமுத்து ரிவர்ஸ்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் ஸ்டோர் கீப்பராக இருந்தவர். அங்கே காலையில் பனி கதவைத் திறந்துகொண்டு உள்ளே வரும். ஜெசிந்தா கலியாணமான புதிதில் அவருக்குக் கபில நிறத்தில் ஒரு சுவெட்டர் பின்னினாள். இடது கை முழங்கைக்கு வந்தபோது நூல் முடிந்துவிட்டது. அந்த நிறம் மாத்தளைக் கடைகள் எதிலும் கிடைக்கவில்லை. மிச்சத்தைப் பச்சை நூலில் முடித்தாள். இருபது வருடம் அந்த மனிதர் அதைக் கழற்றவில்லை. இரத்தோட்டை பஸ்ஸில் அவரை எல்லோரும் 'பச்சக்கை ஸ்டோர்காரர்' என்றுதான் சொல்வார்கள்.

ஓய்வு பெற்று இரத்தோட்டையில் வந்து இருந்தார். போர்நிறுத்தம் வந்து ஊர் கொஞ்சம் மூச்சுவிட்ட காலத்தில் நாடகக்காரர்கள் வந்தார்கள். மேக்கப் போடுவதற்கு அவருடைய முன்னறையை வாடகைக்குக் கேட்டார்கள். மனிதர் வாடகையும் வேண்டாமென்று திறந்துவிட்டார். உடுப்புக்குப் பொறுப்பாக இருந்த பிள்ளை, அந்தக் காலத்துப் பழைய உடுப்பு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாள். அலுமாரியிலிருந்து சுவெட்டரை எடுத்துக் கொடுத்துவிட்டு, தேநீர்க்கடை, சலூன், கோயில் வாசல் என்று ஒவ்வோர் இடமாகப் போய்ச் சொல்லியிருக்கிறார்: "எனக்குத்தான் வயசாயிருச்சி. நம்ம சுவெட்டர் நடிக்கப் போகுது."

படப்பிடிப்பு ரிவர்ஸ்டன் பாதையில். அன்றைக்குக் காற்று. சாக்குப் போட்ட நடிகன் நடுங்கினான். அந்தப் பிள்ளை கைக்குக் கிடைத்த சூடான உடுப்பை அவனுக்கு மாட்டிவிட்டாள். இவ்வளவுதான் நடந்தது. இதை அவளே பிறகு தொலைபேசியில் என்னிடம் சொன்னாள். சொல்லி அழுதாள்.

4

சவரிமுத்து சுவெட்டரை இரவல் கொடுத்தது ஊர் முழுக்கத் தெரியும். அவர்தானே ஊர் முழுக்கச் சொன்னார். ஆகவே விஷயம் அத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் நாடகம் பார்க்கிறவர்களின் மூளை வேறு கோப்பில் வேலை செய்கிறது. ஊரில் இத்தனை பேருடைய உடுப்பு இருக்க, இவருடையதை ஏன் சாக்குப் போட்டவனுக்குக் கொடுத்தார்கள்? எடுத்தவனுக்கு ஏதோ தெரிந்திருக்கிறது. இது முதல் வாரம். இரண்டாம் வாரம் அதைவிட நுட்பமான ஒரு விளக்கம் வந்தது: வேதக்காரர்கள் செய்த பாவத்தை வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும், இந்த மனிதர் சுவெட்டரைக் கொடுத்துச் சொல்லியிருக்கிறார். மூன்றாம் வாரம், அன்றைக்கு மைதானத்தில் நின்ற மூன்று பேர், சாக்குக்குக் கீழே பச்சைக் கையைத் தாங்கள் கண்ணால் கண்டதாகத் தேநீர்க்கடையில் சத்தியம் பண்ணினார்கள். பதினைந்து வருடமாக அவர்கள் அப்படி ஒரு சொல் சொன்னதில்லை. பொய் சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை. அதுதான் எனக்குப் பயம்.

அத்தோடு இன்னொன்றும் கிளம்பியது. அன்று சவரிமுத்து வரிசையில் நிற்கவில்லை என்று யாரோ ஞாபகப்படுத்தினார்கள். தோட்டத்து லொறி ட்ரைவர், முதல் நாள் மாலை தானே அவரை இரத்தோட்டைச் சந்தியில் இறக்கிவிட்டதாகச் சொன்னான். ஊருக்குள் இருந்திருக்கிறார், வரிசையில் இல்லை. அப்படியென்றால் எங்கே? நேரே கேட்டபோது அவர் ஞாபகமில்லை என்றிருக்கிறார். இருபது வருடத்துச் சாமான் கணக்கை மனப்பாடமாகச் சொல்லும் மனிதர்.

தேநீர்க்கடையில் அவருக்குத் தேநீர் நின்றது. ஓட்டுக் கூரையில் கல் விழுந்தது. ஒரு மோட்டார் சைக்கிள் வீட்டுக்கு முன்னால் வந்து நிற்கும், எஞ்சினை நிறுத்தாமல் ஒரு சிகரெட் நேரம் இருந்துவிட்டுப் போகும். பிறகு கதவுக்குக் கீழே ஒரு துண்டுக் கடதாசி. சிங்களத்தில் ஒரே வரி: நாடகம் முடியட்டும். ஜெசிந்தா அதைப் படித்துக் காட்டியபோது முடிவதற்கு இன்னும் ஐந்து வாரம் இருந்தது.

முதல் நாள் தொலைபேசியில் ஜெசிந்தா சொன்ன, வாசலில் இருந்த ஆள் இவர்களில் யாருமில்லை. குசுமாவதி என்ற சிங்களப் பெண். அவளுடைய ஒரே மகன் ரஞ்சித் அன்றைக்கு ட்ரக்கில் ஏறியவன். நாடகத்தில் சுவெட்டர் வந்த மறுநாள் காலை எட்டு மணிக்குக் குடையோடு வந்து படியில் உட்கார்ந்தவள், மாலை நாலு மணி பஸ்ஸுக்குத்தான் எழுந்தாள். பிறகு தினமும் வந்தாள். திட்டவில்லை, சாபமிடவில்லை. ஜெசிந்தா தேநீர் கொடுத்தால் குடித்துவிட்டுக் கோப்பையைக் கழுவி வைப்பாள். உள்ளே வரச் சொன்னால் வரமாட்டாள். சவரிமுத்து வெளியே வரும்போது ஒரு தடவை மட்டும் கேட்பாள்: வண்டி எந்தப் பக்கம் போனது, அதை மட்டும் சொல்லுங்கள்.

"கல்லெறியிறவன்கூடப் பரவாயில்ல அண்ணே," என்றாள் ஜெசிந்தா. "இவங்க அப்படியே பாத்துக்கிட்டு இருக்காங்க. எனக்குச் சோறு எறங்கல."

நான் எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். மூன்று கடிதங்கள் எழுதினேன். பொலிஸ் பொறுப்பதிகாரிக்கு ஒன்று, தொலைக்காட்சிக்கு ஒன்று, தயாரித்தவர்களுக்கு ஒன்று, ஒவ்வொன்றின் பிரதியும் மற்ற இருவருக்கும். தயாரிப்பாளர்களிடமிருந்து நான் கேட்டபடியே பதில் வந்தது: மேற்படி உடுப்பு எந்த நோக்கமுமின்றி எழுந்தமானமாகத் தெரிவு செய்யப்பட்டது, எந்த நபரையும் குறிப்பதல்ல. அழகான கடிதம். அதைப் பிரதியெடுத்துத் தேநீர்க்கடைச் சுவரில் ஒட்டச் சொன்னேன். என் சேவைக்காலம் முழுவதிலும் நான் கொடுத்த பிழையான ஆலோசனை அது ஒன்றுதான் என்று சொல்ல ஆசை. ஊர் அந்தக் கடிதத்தை வாசித்தது. ஒன்றுமில்லாதவன் எதற்குக் கடிதம் எடுக்கிறான் என்றது. அன்று விழுந்த கல்லில் ஓடு உடைந்தது.

5

அந்தப் பகுதி இங்கே வந்த சனிக்கிழமை, பார்க்காமல் இருந்தால் நல்லது என்று ஹனிபா நானா கதவிலேயே சொன்னார். பார்த்தேன்.

ஒரு மைதானம். வெள்ளை வெயில். வரிசை. சாக்குப் போட்டவன் வலமிருந்து இடமாக வருகிறான். கபிலச் சுவெட்டர், பச்சைக் கை. ஒருவன் முன்னால் நின்று தலையை ஆட்டுகிறான். வீட்டு வாடகை பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை விட்டார்கள். யாரோ பட்டிஸ் தட்டைக் கீழே வைத்த சத்தம் கேட்டது.

நான் அந்த மைதானத்தில் நின்றவன். அப்போது இரத்தோட்டையில் வாடகை வீட்டில் இருந்தேன். காலையில் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள், அடையாள அட்டையோடு போய் வரிசையில் நின்றேன். எனக்கு மூன்று பேர் முன்னால் ரஞ்சித். இந்தக் கதையை மெல்போர்னில் விருந்துகளில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். எங்கே நிறுத்தி எங்கே மூச்சு வாங்க வேண்டும் என்றுகூடப் பழகிவிட்டது. அந்தக் கதையில் சவரிமுத்து இல்லை. அவர் மேலே தோட்டத்தில் இருந்தார் என்றுதான் எனக்குள் இருந்தது.

அன்று மாலை மகளின் காரில் திரும்பும்போது என் மைதானத்தை நினைத்துப் பார்த்தேன். சாக்குப் போட்டவன் வந்தான். பச்சைக் கையோடு வந்தான்.

வேறு எப்படியும் அவனைக் கொண்டுவர முடியவில்லை. வெள்ளைச் சட்டை போட்டுப் பார்த்தேன், வெறும் மேலோடு நிறுத்திப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் பச்சைக் கைதான் வந்தது. வீட்டுக்கு வந்தபோது எனக்குள் ஒரு கேள்வி உட்கார்ந்திருந்தது. தேநீர்க்கடையில் சத்தியம் பண்ணிய மூவரும் உண்மையைத்தான் சொன்னார்களோ? லொறி அவரை இறக்கிவிட்டது. வரிசையில் அவர் இல்லை. கேட்டால் ஞாபகமில்லை என்கிறார். அன்றைக்கு யாரோ வந்து வாசல் மணி அடித்தார். நான் பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். மகள் வந்து தட்டி, புகை எச்சரிக்கை மணியைப் பரிசோதிக்க வந்த ஆள் போய்விட்டார் என்று சொன்ன பிறகுதான் திறந்தேன்.

6

மறுநாள் ஊருக்குத் தொலைபேசி எடுத்தேன். ஜெசிந்தாதான் பேசினாள். அவரிடம் கொடு என்றேன். சுகம் விசாரித்தேன், உடைந்த ஓட்டைப் பற்றி விசாரித்தேன், மழையைப் பற்றியும் விசாரித்தேன். பிறகு கேட்டேன்.

"மாப்புள, கோவிச்சுக்காதீங்க. அன்னைக்கு நீங்க எங்க இருந்தீங்க?"



"யாரு கேக்கச் சொன்னா? ஜெசிந்தாவா?"

"இல்ல. நான்தான்."

"வெளையாடுறீங்களா மச்சான்?"

இல்லை என்றேன். அவர் குரலைத் தாழ்த்தினார்.

"ஒங்க வீட்டுல. கட்டிலுக்கு அடியில. வெளிய பூட்டு போட்டது நீங்கதான்."

வாசகர்களே, நம்பமாட்டீர்கள். இந்த இடத்தில் நானே என்னை நம்பவில்லை. ஆனால் அவர் சொல்லச் சொல்லப் பூட்டின் குளிர் என் விரலுக்கு வந்தது. முதல் நாள் மாலை அவர் லொறியில் இறங்கி வந்தார். ஊரடங்கு, திரும்பிப் போக வழியில்லை. அவருடைய அடையாள அட்டை விலாசம் திருத்துவதற்காக என் மூலமாகத்தான் கொழும்புக்குப் போயிருந்தது. அட்டை இல்லாமல் வரிசைக்குப் போனால் சாக்குப் போட்டவனே தேவையில்லை. வீட்டில் தங்குகிறவர்களின் பட்டியல் பொலிஸில் இருந்தது, விருந்தாளி வந்தால் பதிய வேண்டும். அயல் வீட்டாருக்கெல்லாம் அந்த விதியை விளங்கப்படுத்தியவன் நான். என் மனைவியும் மகளும் மாத்தளையில் மாமியார் வீட்டில். ஆகவே அவரைக் கட்டிலுக்கு அடியில் விட்டு, வெளியே பூட்டி, வீட்டில் ஆளில்லை என்று காட்டிவிட்டு மைதானத்துக்குப் போனேன். பூட்டை யாராவது உடைத்திருந்தால் இருவரும் அன்றே முடிந்திருப்போம். எந்தப் பதிவிலும் வராத ஒரு விஷயம். அதனால் அது நடக்கவில்லை என்று அன்றே தீர்மானித்து, அந்தத் தீர்மானத்தை அவ்வளவு ஒழுங்காக நிறைவேற்றியிருக்கிறேன்.

"ஏன் மாப்புள யார்கிட்டயும் சொல்லல்ல? கல்லெறிஞ்சாங்களே."

"சொல்லக் கூடாதுன்னு பைபிள் மேல கை வைக்கச் சொன்னீங்களே," என்றார். "ஜெசிந்தாவுக்கே தெரியாது. இந்நேரம் கேட்டுக்கிட்டுத்தான் நிக்கிறா."

அதைச் சொல்ல வேண்டியவன் நான்தான் என்று உடனே விளங்கியது. உடனே சொல்ல முடியவில்லை. பதியாத ஆளை வீட்டில் வைத்திருந்தது எந்த ஒழுங்குவிதியின் கீழ் குற்றம், அது இன்னும் நடைமுறையில் இருக்கிறதா என்று மனம் பக்கம் புரட்டியது. மோட்டார் சைக்கிள்காரர்கள் யாருடைய ஆட்கள் என்று தெரியாது. மைதானத்தில் நின்று பார்த்தவன் ஒருவன் வாயைத் திறக்கிறான் என்பதை அவர்கள் விரும்புவார்களா என்றும் தெரியாது. நான் கடல் தாண்டி இருக்கிறேன். என் தங்கை அந்தக் கூரைக்குக் கீழே இருக்கிறாள். அவர் பொறுமையாக இருந்தார். பழைய ஸ்டோர் கீப்பர், நிற்கத் தெரியும்.

"குசுமாவதி இருக்காங்களா?" என்றேன்.

"ஞாயித்துக்கெழமையும் அவங்களுக்கு லீவு இல்ல மச்சான்."

"உள்ள கூப்பிடுங்க. நான் பேசணும்."

7

அவள் அந்த வீட்டுக்குள் வந்தது அன்றுதான். ரிசீவரை வாய்க்கு மிகக் கிட்டப் பிடித்திருக்க வேண்டும், மூச்சு கேட்டது. சிங்களத்தில் பேசினோம்; என்னை 'மாத்தயா', ஐயா, என்றாள். நான் என் பெயரையும் பழைய வீட்டையும் சொன்னேன். பூட்டைச் சொன்னேன், கட்டிலைச் சொன்னேன். அன்று காலை ஆறு மணியிலிருந்து பிற்பகல் வரை சவரிமுத்து பூட்டிய வீட்டுக்குள் இருந்தார், சாவி என் சட்டைப் பையில் இருந்தது என்று, வாக்குமூலம் எழுதுவது போல, நேரத்தோடும் இடத்தோடும் சொன்னேன்.

நான் சொல்லி முடித்த பிறகு, "அப்ப மாத்தயா மைதானத்துல நின்னீங்க," என்றாள்.

நின்றேன் என்றேன்.

"சாக்கு போட்டவன் என்ன உடுத்தியிருந்தான்?"

கண்ணை மூடிப் பார்த்தேன். அவன் வந்தான், பச்சைக் கையோடு. நாடகம் பார்த்த பிறகு எனக்கு வேறெதுவும் தெரியவில்லை என்று அவளிடம் உள்ளபடி சொன்னேன். அவள் ஆச்சரியப்படவில்லை. தனக்கும் இப்போது மகனின் முகம் ட்ரக்கில் ஏறிய நடிகனின் முகமாகத்தான் வருகிறது என்றாள். வண்டி எந்தப் பக்கம் போனது என்று கேட்டாள். தலையைக் குனிந்துகொண்டேன், பார்க்கவில்லை என்றேன். அதுவும் உண்மை.

தலையைக் குனிந்திருந்தேன் என்று சொன்னபோதுதான் அது வந்தது. குனிந்திருந்தால் கண்ணுக்குத் தெரிவது கால்கள். நாடகத்தில் கால்களை ஒரு தடவையும் காட்டவில்லை.

"ரஞ்சித் ஏறும்போது செருப்பைக் கழட்டினான்," என்றேன். "ட்ரக்குக்குப் பக்கத்துல கழட்டி, ரெண்டையும் சேத்து வச்சிட்டு ஏறினான். யாரோ வீட்டுக்குள்ள போற மாதிரி."

அவள் ரிசீவரை மற்றக் காதுக்கு மாற்றும் சத்தம் கேட்டது. 

"அவன் அப்படித்தான்," என்றாள். "பஸ்ஸுல ஏறும்போதும் சின்ன வயசுல கழட்டுவான். அடிச்சிருக்கேன்." பிறகு கேட்டாள்: "எந்தக் கால் செருப்ப மாத்தயா முதல்ல கழட்டினான்?"

தெரியவில்லை என்றேன். யோசித்துப் பாருங்கள், அடுத்த ஞாயிற்றுக்கிழமை எடுக்கிறேன் என்று சொல்லி ரிசீவரை வைத்தாள்.

அன்று நாலு மணிக்கு முன்பே குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினாளாம். நேரே தேநீர்க்கடைக்குப் போய், சுவரில் இருந்த என் கடிதத்துக்குக் கீழே நின்று, சவரிமுத்து எங்கே இருந்தார் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொன்னாளாம். பறிகொடுத்தவளே சொன்ன பிறகு மற்றவர்களுக்குப் பேச்சில்லை. மறுநாள் அவருக்குத் தேநீர் கிடைத்தது. மோட்டார் சைக்கிள் அதன் பிறகு வரவில்லை என்கிறாள் ஜெசிந்தா. வராததை அவள் தினமும் எழுந்து பார்க்கிறாள். நாடகமும் முடிந்தது. கடைசிப் பகுதியில்கூடச் சாக்கைக் கழற்றவில்லை.

குசுமாவதி சொன்னபடியே ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் எடுக்கிறாள். செருப்பின் நிறம், பட்டி அறுந்திருந்ததா, கழற்றும்போது யாரையாவது பார்த்தானா என்று வாரத்துக்கு ஒன்று கேட்கிறாள். நான் தரையைப் பார்த்தபடி அந்த வரிசையில் நிற்கிறேன். வாரா வாரம் ஏதாவது ஒன்று தட்டுப்படுகிறது: ஒரு கரண்டைக்கால், புல்லில் ஒரு சிகரெட் துண்டு, எனக்கு முன்னால் வந்து நின்று, கொஞ்ச நேரம் நின்று, பிறகு நகர்ந்துபோன, சாக்குப் போட்டவனின் இரண்டு வெறுங்கால்கள். அந்தக் கால்களை எனக்குத் தெரியும் போலிருக்கிறது. இதை இன்னும் அவளிடம் சொல்லவில்லை.